பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் புதிய ஆய்வு நூல்களைச் சின்ன ஊரில் இருந்துகொண்டு எப்படிப் படிப்பது?

கேள்வி: தென்னிந்தியா பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் கொண்டுவரும் புதிய ஆய்வு நூல்களின் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நகரத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண வாசகர் இவற்றை வாங்கத்தான் வேண்டுமா?

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போவோம். அங்குள்ள கடைகளிலும் நீங்கள் கேட்கிற ரகம் அபூர்வம். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: வெளிவந்த வருடமே வாங்குவதில்லை.

முதலில் வரும் கெட்டி அட்டைப் பதிப்பு உங்களையும் என்னையும் நினைத்து அச்சிட்டது அல்ல. பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான் போடுவார்கள், அவற்றை வாங்குவது பல்கலைக்கழக நூலகங்கள். செம்மையாக்கம், அச்சுக்கோப்பு, பொருளடைவு என்று எல்லாச் செலவும் அந்தச் சில நூறு பிரதிகளின் தலையில் விழும்போது விலை நூறு டாலரைத் தொடுவதில் வியப்பில்லை.

அப்புறம், இந்த நூல்களில் 'புதிது' என்பதே கொஞ்சம் பழையதுதான். கையெழுத்துப் பிரதி வெளி அறிஞர்கள் இரண்டு பேரிடமாவது போகும். அவர்கள் எழுதும் அறிக்கைக்கு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும், திருத்த வேண்டும். அதற்கு மேல் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். கேம்பிரிட்ஜில் அவர்களை சிண்டிக்ஸ் என்பார்கள், ஆக்ஸ்போர்டில் டெலிகேட்ஸ். முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கிய ஆய்வு நூலாகி வெளியே வரப் பத்து வருடம் பிடிப்பதும் உண்டு. அவ்வளவு காலம் ஊறியதற்கு நாம் இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இடையில் அந்த ஆசிரியரின் ஆய்வேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். நூலின் சாரம் பலமுறை அதிலேயே இருக்கும்.

பொறுத்தவருக்கு முதலில் கிடைப்பது இந்தியப் பதிப்பு. பவானி ராமனின் 'டாக்குமென்ட் ராஜ்' 2012-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வந்தது. இங்கே பெர்மனன்ட் பிளாக் வெளியிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலச் சென்னை மாகாணக் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், எழுத்தும் எழுத்தர்களும் எப்படி அதிகாரம் ஆனார்கள் என்பதுதான் விஷயம். எங்கள் சித்தூர் தாலுகா அந்நாளில் கொச்சி அரசரிடம், பக்கத்துப் பாலக்காடு சென்னை மாகாணத்தில். அடுத்தடுத்த வயலுக்கு வேறு வேறு கச்சேரி! அந்த நூல்மேல் எனக்குத் தனி ஆசை வந்ததற்கு இதுதான் காரணம். ஹார்வர்டு 2015 முதல் வெளியிடும் மூர்த்தி செவ்வியல் நூலக வரிசைக்குக் காத்திருக்கவே தேவையில்லை. இடது பக்கம் மூல மொழி, வலது பக்கம் ஆங்கிலம். இந்தியத் தாளட்டைப் பதிப்பு சில நூறு ரூபாய்க்கே வந்தது. முதல் தொகுதிகளிலேயே அல்லசானி பெத்தனாவின் தெலுங்குக் காவியம் தெலுங்கு எழுத்திலேயே இருந்தது.

இரண்டாவது, மதிப்புரைகள். 2025 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு உட்பட 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்களைப் படிக்க முடிகிறது. நூல்கள் அதில் சேராது, இதழ்கள் மட்டும்தான். சரி, இதழ்களில்தானே நல்ல மதிப்புரை வருகிறது? நூல் வந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து, அதே துறையில் உழலும் ஒருவர் எந்த அத்தியாயம் வலுவானது, எது சறுக்குகிறது என்று எழுதுவார். உறவில் யாராவது பிள்ளைகள் அரசுக் கல்லூரியில் படித்தால் அந்த மதிப்புரையைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். பின்னட்டைப் புகழுரையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அது விளம்பரம்.

இலவசமாகவே கிடைப்பவையும் உண்டு. சுமதி ராமசாமியின் 'பேஷன்ஸ் ஆஃப் த டங்' (1997) முழுதையும் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழைத் தாயாகவும் தெய்வமாகவும் கண்ட பற்றின் வரலாறு. எல்லையில் வாழ்கிற நமக்கு அதில் சண்டை போட நிறைய இடம் இருக்கிறது, படித்துப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கின்றன.

உடனே காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரே வகையை: வாதத்துக்காக அல்லாமல் மூலத் தரவுக்காக எழுதப்பட்ட நூல். பழந்தமிழ்க் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தரும் ஐராவதம் மகாதேவனின் 'எர்லி தமிழ் எபிகிராஃபி' அப்படிப்பட்டது. 2003-இல் க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்டன; 2014-இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது. புகளூர்க் குன்றில் சேர இரும்பொறையர் மூன்று தலைமுறை பெயர் வரும் கல்வெட்டை அதில் பார்க்கும்போது, பதிற்றுப்பத்து பாடத்தில் படித்த பெயர்கள் கல்லில் இருந்து எட்டிப் பார்க்கும். யார் என்ன புது வாதம் கொண்டுவந்தாலும் அந்தக் கல்வெட்டுப் படியும் வாசிப்பும் நமக்கு வேண்டியிருக்கும்.

மற்றவற்றுக்கு உள்ளூர் வாயனசாலையை, அதாவது நூலகத்தை, தொந்தரவு செய்யுங்கள். மானியத்தில் நூல் வாங்கும்போது வாசகர் கேட்டதாக ஒரு தாளில் எழுத்து இருந்தால் செக்ரட்டரி ஏட்டனுக்கும் வேலை சுலபம். 'தமிழ் ஆய்வு நூல்' என்று பொதுவாகக் கேட்டால் பாட நோட்ஸ்தான் வந்து சேரும். நூற்பெயர், பதிப்பகம், இந்தியப் பதிப்பின் ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) மூன்றையும் எழுதிக் கொடுங்கள், கூடவே இன்னும் இரண்டு மூன்று பேரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.