‘ஆஸ்க்’ என்னும் ஆங்கில வினைக்குப் பின் ‘ரு’ வருமா?

‘ஆசிரியரிடம் கேட்டேன்’ என்பதை ‘ஐ ஆஸ்க்ட் ரு த ரீச்சர்’ என்று எழுதினால் ஏன் பிழை என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் பயில்வோர் பலரும் செய்யும் இப்பிழைக்குக் காரணம் நமது ‘இடம்’ என்னும் உருபே. தமிழில் கேட்கப்படுபவர் அவ்வுருபை ஏற்க, ஆங்கிலத்தில் அவர் நேரடியாகவே செயப்படுபொருளாக நிற்பதால், ‘ஐ ஆஸ்க்ட் த ரீச்சர்’ என்பதே சரியாகும்.

விலை, நேரம், பெயர் போன்ற தகவல்களை வினவும்போதும் இடைச்சொல் வேண்டியதில்லை. ஆனால் கடையில் தேநீர் தரும்படி கேட்டால் ‘ஐ ஆஸ்க்ட் ஃபோர் ரீ’ என்றே எழுதவேண்டும். ‘ஃபோர்’ விடுபட்டால், தேநீரிடமே கேள்வி கேட்டதுபோல் ஒலிக்கும்.

ஒருவரை ஒன்றைச் செய்யும்படி கேட்கும்போது ‘ரு’ வரும், எனினும் அது ஆளுக்கு முன்னன்றி வினைக்கு முன்னரே வரும்: ‘ஷி ஆஸ்க்ட் மீ ரு வெய்ற்.’ ‘ஆஸ்க் ஆஃப்ரர்’ என்பது சுகம் விசாரித்தலைக் குறிக்கும். மணியோசை ‘கேட்டது’ என்பதற்கு மட்டும் ‘ஆஸ்க்’ உதவாது; அதற்குரியது ‘ஹியர்’.