ஃபர்ம்வேர் ஏற்றும்போது செயலிழந்த ஆடியோ போர்டு: உத்தரவாதம் உண்டா?

கேள்வி: ஆடியோ பிளேயர் போர்டு ஒன்றை இணையவழியில் வாங்கி, ஆம்பிளிஃபயருடன் இணைத்துப் பாட்டுக் கேட்டு வந்தேன். ஓராண்டு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. தயாரிப்பு நிறுவனம் தன் இணையதளத்தில் புதிய ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் உள்மென்பொருள்) வெளியிட்டது. அவர்கள் சொன்ன முறைப்படியே கோப்பைப் பென்டிரைவில் போட்டு ஏற்றினேன். பாதியில் நின்றுவிட்டது. மின்தடை எதுவும் இல்லை. இப்போது சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. ‘ஃபர்ம்வேர் ஏற்றியது நீங்கள், ஆகவே உத்தரவாதம் கிடையாது’ என்கிறார் விற்பனையாளர். தயாரிப்பு நிறுவனம் என் மின்னஞ்சலுக்குப் பதில் தரவில்லை. ஆனால் அதன் பிறகு அவர்களுடைய பக்கத்தில் ‘1.2 மற்றும் அதற்குப் பிந்தைய போர்டுகளுக்கு மட்டும்’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. என் போர்டில் பதிப்பு எண் 1.1 என்று அச்சிட்டிருக்கிறது. பழுதுபார்ப்பவர் ஒருவர், நண்பரிடம் உள்ள இதே போர்டிலிருந்து நகலெடுத்து என் போர்டின் நினைவகச் சிப்பில் எழுதி மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்குப் போட முடியும். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்தப் போர்டில் இப்போதைக்கு யாரும் எதையும் எழுத இடம் கொடுக்காதீர்கள். நினைவகச் சிப்பில் பாதி எழுதப்பட்டுக் கிடக்கிறதே, அதுதான் உங்கள் முதல் சாட்சி. எந்தக் கோப்பு ஏறியது, எந்த இடத்தில் நின்றது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பழுதுபார்ப்பவர் நல்லெண்ணத்தோடு அதன் மேல் வேறொன்றை எழுதிவிட்டால், போர்டு ஒருவேளை பிழைக்கும். தயாரிப்பாளரின் கோப்புதான் அதை முடக்கியது என்று காட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்றியது நீங்கள்தான். ஆனால் அந்தக் கோப்பை எழுதியது யார், வெளியிட்டது யார், இப்படித்தான் ஏற்ற வேண்டும் என்று வழிமுறை கொடுத்தது யார்? பொருளைத் தயாரித்தவரே தந்த மென்பொருளை, அவரே சொன்ன முறையில் ஏற்றுவது அந்தப் பொருளைப் பயன்படுத்துவதில் அடங்கும். அதைத் தவறான பயன்பாடு என்று யாரும் தள்ளிவிட முடியாது. தவறு உங்கள் மீது சாய வேண்டுமானால், நீங்கள் வேறு எங்கிருந்தோ எடுத்த கோப்பை ஏற்றினீர்கள் என்றோ, வழிமுறையை மீறினீர்கள் என்றோ அவர்கள் காட்டியாக வேண்டும்.

உங்கள் வழக்கின் உயிர் இருப்பது 1.1, 1.2 என்ற அந்த வேறுபாட்டில். முறையாக வடிவமைத்த போர்டு, புதிய கோப்பை எழுதத் தொடங்கும் முன்பே அது தனக்கு உரியதுதானா என்று சரிபார்க்கும், பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். இன்னும் கவனமான வடிவமைப்பில் நினைவகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். புதியது ஒரு பகுதியில் முழுமையாக ஏறி, சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே போர்டு அதற்கு மாறும். இடையில் எது நடந்தாலும் பழையது அப்படியே இயங்கும். உங்கள் போர்டில் இந்த இரண்டு பாதுகாப்பும் வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. பாதுகாப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்றால் அந்த இடைவெளியின் விலையை வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு இடம் தருகிறது. பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஒப்பந்தப்படி வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ இருக்க வேண்டிய தரம் குறைவதும் அடங்கும். விற்பவர் எந்த வகையிலாவது உறுதியளித்த தரம் குறைவதும் அடங்கும். ‘ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம்’ என்று பொருள் விவரத்தில் எழுதி விற்றிருந்தால், அதுவும் ஓர் உறுதிமொழிதான். அந்த விவரப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பிரிவு 39-இன்படி குறைபாட்டை நீக்கித் தரவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே சட்டத்தின் பிரிவு 84 தயாரிப்பாளரின் பொருள் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது என்றெல்லாம் அதில் இருப்பதைப் பார்த்ததும், ‘இது எனக்காகவே எழுதியது’ என்று தோன்றும். அதை நம்பி மட்டும் மனு எழுதாதீர்கள். பிரிவு 2(22) ‘தீங்கு’ என்பதை விளக்கும்போது, அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. போர்டு மட்டும் செயலிழந்திருந்தால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. போர்டு முடங்கிய நேரத்தில் முழு ஒலியளவில் இரைச்சல் பாய்ந்து ஸ்பீக்கரோ ஆம்பிளிஃபயரோ கெட்டிருந்தால் அது வேறு கதை. அவை வேறு பொருள்கள் என்பதால் அந்தச் சேதத்துக்குப் பிரிவு 84-ஐயும் சேர்த்துக் கேட்கலாம்.

இனி சான்றுகள். அந்தப் புதிய வரி சேர்ந்ததற்கு முன்பு பக்கம் எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். முன்பு எடுத்த திரைப்பிடிப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இணையக் காப்பகத் தளத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மின்னஞ்சலின் தேதி, நேரம் ஆகியவற்றை முழுத் தலைப்பு (ஹெடர்) விவரங்களோடு சேமியுங்கள். பதிவிறக்கிய கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல் வைத்து, அதன் ஷா-256 ஹாஷ் மதிப்பை (கோப்பு ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக முன்வைக்கும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. போர்டில் 1.1 என்று அச்சிட்ட இடத்தையும் வரிசை எண்ணையும் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி நெருக்கத்தில் படமெடுங்கள்.

இன்னொரு சான்று பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. பல போர்டுகளின் ஓரத்தில் சீரியல் இணைப்புக்கென மூன்று நான்கு புள்ளிகள் விட்டிருப்பார்கள். போர்டு இயங்கத் தொடங்கும்போது என்ன செய்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை வரி வரியாக அங்கே வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மின்னணுவியல் தெரிந்தவர் 3.3 வோல்ட் அடாப்டர் கொண்டு, போர்டு அனுப்பும் முனையையும் தரை (கிரவுண்ட்) முனையையும் மட்டும் இணைத்தால் அதைப் படித்துவிடலாம். போர்டுக்குள் எதையும் அனுப்பும் கம்பி வேண்டாம்; அப்போதுதான் ‘நாங்கள் கேட்டோம், எதையும் மாற்றவில்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். இதை முழுவதுமாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

மீட்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். இப்படி முடங்கும் போர்டுகளில் பல உண்மையில் முழுமையாகச் செத்துவிடுவதில்லை. இஎஸ்பி32, எஸ்டிஎம்32 போன்ற சிப்களில், தொடக்க வேலைக்கான சிறு நிரல் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேர் ஏற்றத்தால் அதை அழிக்க முடியாது. உரிய முனையை உரிய நிலையில் வைத்து மின்சாரம் கொடுத்தால் சிப் விழித்துக்கொண்டு புதிய ஃபர்ம்வேரை வாங்கத் தயாராகிவிடும். உங்கள் போர்டிலும் இப்படி ஒரு வழி இருந்தால், தயாரிப்பாளருக்கு இது சிறிய வேலை. ஆகவே எடுத்த எடுப்பில் புதிய போர்டு கேட்காமல், ‘மீட்பு வழிமுறையைத் தாருங்கள், அல்லது பெற்றுக்கொண்டு சரிசெய்து அனுப்புங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு எளிய கோரிக்கையை ஒருவர் மறுத்தால் ஆணையத்தின் முன் அது அவருக்கே எதிராக நிற்கும். அவர் வழிமுறை அனுப்பினால் அதன்படி தாராளமாகச் செய்யுங்கள்; அதிலும் கெட்டால் பொறுப்பு அவருடையது.

நண்பரின் போர்டிலிருந்து நகலெடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. ஃபர்ம்வேர் பதிப்புரிமைக்கு உட்பட்ட கணினி நிரல். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52(1)(aa), நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதை இழப்பிலிருந்து காக்கக் காப்பு நகல் எடுக்க அனுமதிக்கிறது. அதே பிரிவின் (ad) கூறு, தானே சட்டப்படி பெற்ற நகலிலிருந்து சொந்த, வணிக நோக்கற்ற பயன்பாட்டுக்கு நகலெடுக்க இடம் தருகிறது. உங்கள் போர்டில் இருப்பதை நீங்கள் படித்து வைத்துக்கொள்வது இதற்குள் தாராளமாக அடங்கும். நண்பருடைய நகலை உங்கள் போர்டில் எழுதுவது அந்தச் சொற்களுக்குள் அவ்வளவு எளிதாக அடங்காது. இதற்காக யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது போலாகும். தயாரிப்பாளரிடமே 1.1-க்கான பழைய ஃபர்ம்வேரைக் கேளுங்கள். அந்தப் போர்டு லினக்ஸில் இயங்குவதாக இருந்தால் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின்படி அதன் மூலநிரலையும், அதைத் தொகுத்து நிறுவுவதற்கான ஸ்கிரிப்டுகளையும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மற்றபடி, தன்னார்வலர்கள் எழுதிய மாற்று ஃபர்ம்வேரை ஏற்றி இது நடந்திருந்தால் என் பதில் முற்றிலும் வேறாக இருந்திருக்கும்.

நடைமுறை கடினமில்லை. இணையவழியில் வாங்கியதால் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி அந்த மின்வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார். இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலத்தைப் போர்டு முடங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு. குறைபாட்டைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய இயலாது என்று ஆணையம் கருதினால், பிரிவு 38(2)(c)-இன்படி போர்டுக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். போர்டைத் தொடாமல் வைக்கச் சொன்னதன் காரணம் இதுவும்தான்.

வாசகர்களில் பிரிட்டனில் வாழ்பவர்கள் இருக்கிறீர்கள். அங்கே நுகர்வோர் உரிமைகள் சட்டம், 2015-இன் பிரிவு 46 இதை நேரடியாகவே தொடுகிறது: வணிகர் வழங்கிய டிஜிட்டல் உள்ளடக்கம் கருவியைச் சேதப்படுத்தி, உரிய கவனமும் திறமையும் காட்டியிருந்தால் அது நேர்ந்திருக்காது என்றால், அவர் சரிசெய்து தர வேண்டும் அல்லது ஈடு தர வேண்டும். நம் சட்டத்திலும் இப்படி ஒரு தெளிவான பிரிவு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இன்றே இப்படி எழுதுங்கள்: ‘தங்கள் தளத்தில் வெளியிட்ட கோப்பை, தாங்கள் தந்த வழிமுறைப்படி, இன்ன தேதியில் ஏற்றினேன். அப்போது 1.1 போர்டுகளுக்கு இது பொருந்தாது என்ற எச்சரிக்கை அங்கே இல்லை. போர்டு அதே நிலையில் என்னிடம் இருக்கிறது. 15 நாட்களுக்குள் சரிசெய்தோ மாற்றியோ தரக் கோருகிறேன்.’ மின்னஞ்சலோடு நிற்காமல், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள்.

அந்தக் கெடு முடிந்தும் பதில் வராமல், வழக்குக்கு அலைய மனமில்லை என்று நீங்கள் முடிவு செய்தால் அப்போது பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எழுதுவதற்கு முன் சிப்பில் உள்ளதை முழுமையாகப் படித்துக் கோப்பாக உங்களிடம் தரச் சொல்லுங்கள். சிப்பைப் பெயர்க்காமல் கிளிப் மாட்டியே வேலை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். போர்டு உயிர்பெற்றால், ‘ஃபர்ம்வேர் மட்டும் மீண்டும் ஏற்றப்பட்டது; எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். போர்டின் பாகங்களில் பழுது இருந்ததில்லை, கோளாறு ஃபர்ம்வேரில்தான் என்பதற்கு அந்த ஒரு வரி வலுவான சான்று. பிறகு மனம் மாறி மீட்புச் செலவைக் கேட்டு ஆணையத்துக்குப் போனாலும் அதுவே உங்களுக்குக் கைகொடுக்கும்.