கொலராடோ மலையில் 5 நாள் எல்க் வேட்டை: சாப்பாடு எப்படிக் கட்டுவது?

அக்டோபரில் நண்பர் ஒருவரோடு அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பிளாட் டாப்ஸ் மலைக்காட்டுக்குள் 5 நாள் எல்க் மான் வேட்டைக்குப் போவதாகவும், கடையில் விற்கும் ஃப்ரீஸ் டிரைட் (உறையவைத்து உலர்த்திய, வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகும்) பாக்கெட்டுகள் போதுமா, நம்ம ஊர்ச் சாப்பாடு கொண்டுபோக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "ராத்திரிக்கு ஒரு பாக்கெட், பகலுக்கு நாலு எனர்ஜி பார், முடிந்தது" என்று இதற்கு வரும் பதில்களைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அப்படிப் போகிறவர்கள்தான் மூன்றாம் நாள் கால் நகராமல் திரும்பி வருகிறார்கள்.

வேட்டையே பாவம் என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வன உயிரினச் சட்டத்தின்படி இது குற்றம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி கொலராடோ பற்றியது. அங்கே உரிமம் வாங்கித்தான் சுட முடியும். சுட்ட எல்க்கின் நான்கு கால்கறி, முதுகுக்கறி, உள்முதுகுக்கறி எல்லாவற்றையும் வெளியே சுமந்து வந்தாக வேண்டும், விட்டுவிட்டு வருவதுதான் அங்கே குற்றம். இந்தச் சட்டம் உங்கள் சாப்பாட்டுக் கணக்கையே மாற்றும் என்பதால்தான் சொல்கிறேன்.

குதிரை இல்லாமல் முதுகுப்பையோடு நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நன்கு வளர்ந்த ஓர் ஆண் எல்க்கை எலும்பு நீக்கினாலும் 80 கிலோவுக்குக் குறையாமல் கறி தேறும். ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினால் 3, 4 நடை. வண்டி 5 கி.மீ. தள்ளி நிற்கிறது என்றால், தனியாள் 4 நடைக்கு 35 கி.மீ. நடக்க வேண்டும் (கடைசி நடைக்குத் திரும்பிப் போக வேண்டாம்). இருவர் பங்கிட்டாலும் ஆளுக்கு 15 கி.மீ., அதில் 10 கி.மீ. சுமையோடு. பயணத்திலேயே உடம்பு அதிகம் கேட்கும் நாள் இதுதான். பெரும்பாலான திட்டங்களில் அந்த நாளைக்குத்தான் சாப்பாடு இருக்காது. இதற்கான வழி எளிது: கறி சுமக்கும் நாளைக்கான சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகாதீர்கள், ஒவ்வொரு நடையிலும் எப்படியும் வண்டிக்கு வரத்தானே போகிறீர்கள். வண்டியில் ஒரு ஐஸ் பெட்டியில் 10 லிட்டர் தண்ணீர், டார்ட்டியா (சப்பாத்தி மாதிரி மெக்சிகோ ரொட்டி), சீஸ், வாழைப்பழம், ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், ஆளுக்கு 2000 கலோரிக்குக் குறையாத கொறிப்பு எல்லாம் இருக்கட்டும். கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டுப் போங்கள். அங்குள்ள கருங்கரடிகள் வண்டிக் கதவைத் திறக்கப் பழகியவை.

இனி முதுகில் சுமப்பது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 750 கிராம், 3300 கலோரி என்பது என் கணக்கு. அதாவது கிராமுக்குச் சராசரி நாலரை கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9, மாவும் புரதமும் 4, தண்ணீர் பூஜ்யம். ஆகவே டின், ரெட்டார்ட் பாக்கெட்டில் வரும் ஈரமான பருப்புக் கறி, ஆப்பிள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

காலையில் சத்துமாவு 60 கிராம், முழுக்கொழுப்புப் பால் பவுடர் 30, நாட்டுச் சர்க்கரை 20, நெய் 10. கிட்டத்தட்ட 545 கலோரி. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும், அதனால் சமையல் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாவை வீட்டிலேயே வறுத்து, பால் பவுடர், சர்க்கரையோடு கலந்து பொட்டலமாகக் கட்டிவிடுங்கள், அங்கே வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும். பால் பவுடரைத் தனியாகக் கொட்டினால் கட்டி தட்டும். அவலும் நல்லதுதான், ஆனால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும்.

பகல் சாப்பாடுதான் முக்கியம். மொத்தக் கலோரியில் பாதிக்கு மேல் இங்கே வர வேண்டும், அடுப்பே கூடாது. வேர்க்கடலை, பாதாம், முந்திரி கலந்து 120 கிராம், உலர் திராட்சை 50, ஜெர்கி (நம்ம உப்புக்கண்டம் மாதிரி உலர்ந்த கறி) 40, கடலை மிட்டாய் 50, டார்ட்டியா 2, அதில் தடவ பீனட் பட்டர் 50 கிராம். சுமார் 410 கிராம், 1850 கலோரி. மணிக்கொரு கைப்பிடி என்று தின்றுகொண்டே இருங்கள். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உயரத்தில் பசி மந்தமாகிவிடும். முதல் இரண்டு நாளைக்கு வீட்டுச் சப்பாத்தி கொண்டுபோகலாம், அதற்குப் பிறகு அது காய்ந்து உடையும் அல்லது பூசணம் பிடிக்கும். கடை டார்ட்டியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. விடியற்காலைக் குளிரில் கடலை மிட்டாயும் சாக்லேட் பாரும் கல்லாகிவிடும், அன்றைக்குத் தின்னப் போவதைச் சட்டை உள்பையில் வையுங்கள். எல்லாவற்றையும் கடைக் காகிதத்திலிருந்து உரித்து மெல்லிய ஜிப்லாக் பைக்கு மாற்றுவது கட்டாயம். அமைதியான காட்டில் பார் உறையைக் கிழிக்கும் சத்தம் எல்க்குக்குத் தூரத்திலேயே கேட்கும்.

இரவுக்கு வருவோம். 10,000 அடிக்கு மேல் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு, பச்சரிசி எதுவும் குக்கர் இல்லாமல் லேசில் வேகாது, குக்கரைச் சுமக்கவும் முடியாது. ஆகவே வீட்டில் வேகவைத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து, சாம்பார்ப் பொடி, உப்பு, பொடியாக நறுக்கி வேகவைத்த கேரட், பீன்ஸ் சேர்த்து, டீஹைட்ரேட்டர் (உணவை உலர்த்தும் மின்கருவி) தட்டில் மெல்லிசாகப் பரப்பி 57 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம் வையுங்கள். ஒடித்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பையில் புளிக்கும். எண்ணெய், நெய், தேங்காய் எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். கொழுப்பு காயாது, சிக்கு வாடை அடிக்கும். 130 கிராம் காய்ந்த சாதத்துக்குக் கொதிநீர் 250 மில்லி ஊற்றி, பையைக் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி 20 நிமிடம் வையுங்கள், அப்புறம் 25 கிராம் நெய். கோழித் துண்டுகளைக் காயவைத்தால் வெந்நீரில் ஊறினாலும் ரப்பராகத்தான் இருக்கும். கறி வேண்டுமென்றால் கொழுப்பில்லாத கொத்துக்கறியை வதக்கி, வடித்துக் காயவையுங்கள். ஜெர்கி வீட்டில் செய்தால் காயவைக்கும் முன் கறியின் உள்வெப்பம் 71 டிகிரியைத் தொட வேண்டும். இரவிலேயே ஒரு சூப் பாக்கெட்டும் 40 கிராம் சாக்லேட்டும் சேர்த்தால் நாள் கணக்கு நிறையும்.

ஃப்ரீஸ் டிரைட் பாக்கெட்டை நான் வெறுக்கவில்லை. 5 இரவில் 2 இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழையில் நனைந்து நடுங்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால் "2 பேருக்கு" என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள், அது ஒருவருக்கே சரியாக இருக்கும். உறையில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் அங்கே 20 ஆகும். உப்பும் அதிகம், தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். காற்றடைத்த உறை பையில் இடத்தை அடைக்கும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி டேப் ஒட்டுங்கள், சில வாரத்துக்குள் தின்றுவிடுவதாக இருந்தால் மட்டும். இனிப்பும் கடலையும் நாலாம் நாள் திகட்டும், அப்போது 50 கிராம் மாங்காய் ஊறுகாயும் ஒரு சின்னப் பொட்டலம் பருப்புப் பொடியும் தருகிற தெம்பு எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காது. ஊறுகாயை இரட்டைப் பையில் கட்டுங்கள், எண்ணெய் கசியும்.

சுட்ட கறியை முகாமிலேயே வறுத்துத் தின்னலாம் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். சுடுவீர்கள் என்பதே நிச்சயமில்லை. தவிர, கொலராடோ எல்க் கூட்டங்களில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் உண்டு. பரிசோதனை முடிவு வரும்வரை தின்னாமலிருப்பதே நல்லது. அங்குள்ளவர்கள் பலர் அன்றிரவே ஈரல் வறுப்பார்கள், அது அவர்கள் விருப்பம்.

அடுப்புக்கு, இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 லிட்டர் வெந்நீர் என்றால் 230 கிராம் கேஸ் டப்பா ஒன்று, கூடுதலாக 100 கிராம் ஒன்று. சாதா பியூட்டேன் டப்பா பூஜ்யம் டிகிரிக் குளிரில் சரியாக எரியாது, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது வாங்கி, இரவில் தூங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிகட்டிக்கும் அங்கேயே இடம் கொடுங்கள், ஒருமுறை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. காய்ச்சிக் குடிப்பதென்றால் அந்த உயரத்தில் 3 நிமிடம் கொதிக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடார இடங்களில் பழைய நெருப்புக் குழிகளைக் கிளறினால் அலுமினிய உறையும் பாதி எரிந்த பிளாஸ்டிக்கும்தான் வரும். எரித்துவிட்டேன் என்று நினைத்துப் போகிறார்கள், அலுமினியம் எரியாது. இதில் வெள்ளைக்காரர், நம்மவர் என்ற வித்தியாசமே இல்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் மலைப்படம் ஆயிரம் வரும், குப்பை பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். அடுத்தவன் குப்பைக்கு நடுவில் கூடாரம் போடுவது எவ்வளவு கசப்பு என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டும் முறை: நாளுக்கொரு பெரிய ஜிப்லாக் பை, மேலே மார்க்கரால் கிழமை. 5 பை, கூடவே அரை நாளைக்கான அவசரப் பை, மொத்தம் 4 கிலோவைச் சுற்றி நிற்கும். அன்றன்றைக்குக் காலியான பையே குப்பைப் பை. ராத்திரி எல்லாவற்றையும், குப்பையும் பற்பசையும் உட்பட, கூடாரத்திலிருந்து 100 கஜம் தள்ளி, தரையிலிருந்து 10 அடிக்கு மேல், தண்டிலிருந்து 4 அடி விலக்கித் தொங்கவிடுங்கள். பிளாட் டாப்ஸில் வண்டு தின்று பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்கள் நிறைய, அவற்றில் கயிறு கட்டாதீர்கள். உயிருள்ள மரங்களின் கிளைகளும் குட்டை என்பதால் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுக்க 20 மீட்டராவது வேண்டும். அது சிரமமென்றால் கரடியால் திறக்க முடியாத கரடி டப்பா, பெரியது ஒன்றே கால் கிலோவுக்குள் இருக்கும், இருவரின் 5 நாள் சாப்பாடு ஒரே டப்பாவில் அடங்காது, ஆளுக்கொன்று வாங்குங்கள்.