மலிவு விலைக் கார்டுகளை யார் வாங்குகிறார்கள்?

கேள்வி: பள்ளிப் பருவத்திலிருந்து சேர்த்த பேஸ்பால், கூடைப்பந்து வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகள் என்னிடம் சுமார் 4,000 இருக்கின்றன. பெரும்பாலானவை 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்தவை. பெரிய விலை போகக்கூடியவை அல்ல. பொழுதுபோக்காக ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, விவரம் எழுதிப் பதிவேற்றவே மாலை நேரம் முழுவதும் போய்விடுகிறது. விற்றாலும், தளத்தின் கட்டணமும் தபால் செலவும் போகக் கையில் ஒன்றும் நிற்பதில்லை. போன வாரம் ஒருவர், கார்டு மடங்கி வந்ததாகப் புகார் செய்திருக்கிறார். நிபுணர்களிடம் கொடுத்துத் தரம் மதிப்பிட வைத்தால் (கிரேடிங்) நல்ல விலை கிடைக்குமா? என் 13 வயது மகனும் இதில் ஆர்வம் காட்டுகிறான். தொடரலாமா, விட்டுவிடலாமா? — ஒரு வாசகர்

பதில்: தொடருங்கள். ஆனால் ஒவ்வொரு கார்டாக விற்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் நேரத்தையும் பணத்தையும் தின்பது அந்த ஒரு பழக்கம்தான்.

முதலில், உங்கள் கார்டுகள் ஏன் மலிவாக இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மனம் தெளியும். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. விற்காமல் தேங்கிய அந்த ஆண்டுக் கார்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியதாக, அந்த நிறுவனத்தில் பணியாற்றிய சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்றவை சிறுவர்களின் கால்சட்டைப் பைகளில் கசங்கிப் போயின. அப்படி அழிந்தது போக எஞ்சியவற்றுக்குத்தான் இன்று இந்த விலை. பழைய கார்டுகள் இப்படி ஏறியதைப் பார்த்த பிறகு, 1980களின் இறுதியில் எல்லோருமே கார்டுகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. அச்சானதும் ஏராளம், அழியாமல் தங்கியதும் ஏராளம். நீங்கள் பொத்திப் பாதுகாத்ததைப்போலவே லட்சக்கணக்கானவர்கள் பாதுகாத்திருக்கிறார்கள். எனவே, காத்திருந்தால் விலை ஏறும் என்ற எண்ணத்தில் இவற்றைப் பூட்டிவைக்க வேண்டாம்.

அப்படியானால் இவற்றை யார் வாங்குகிறார்கள்? முதலீட்டுக்காக வாங்குபவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. வருபவர்கள் வேறு. ஒரு நிறுவனம் எண்ணிட்டு வெளியிடும் கார்டு வரிசையைச் செட் என்பார்கள். 800 கார்டுகள் கொண்ட ஒரு செட்டில் 780ஐச் சேர்த்துவிட்டு, மிச்சம் 20க்காக எண்களைத் தாளில் எழுதிவைத்துத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர். தமக்குப் பிடித்த அணியில் ஆடிய எல்லோரும் வேண்டும், மாற்று ஆட்டக்காரர்களும் வேண்டும் என்பவர் இன்னொருவர். யாருக்கும் நினைவில்லாத ஒரு வீரரின் கார்டுகளை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. அவர் ஒருவேளை அவர்களுடைய ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருக்கலாம். வீரரிடம் கையெழுத்து வாங்குவதற்காகவே மலிவான கார்டுகளை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சேவை செய்யப்போவது இவர்களுக்குத்தான். இவர்களில் யாருக்கும் ஒரு கார்டோடு வேலை முடிவதில்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகம்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான விற்பனைத் தளங்கள் சதவீதக் கட்டணத்தோடு, ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையையும் எடுத்துக்கொள்கின்றன. விலையுயர்ந்த பொருளில் அது தூசு. தபால் தலையைவிட மலிவான கார்டில் அதுவே லாபத்தை விழுங்கிவிடும். உறை, தபால், கட்டணம் ஆகிய மூன்றும் ஒரு கார்டுக்கும் 20 கார்டுக்கும் அவ்வளவாக வேறுபடுவதில்லை. ஆகவே அணிவாரியாகவோ வீரர்வாரியாகவோ தொகுப்புகள் போடுங்கள். ஒரே செட்டின் கார்டுகளுக்கு, “உங்களுக்கு வேண்டிய எண்களைத் தேர்ந்தெடுங்கள்” என்று ஒரே விளம்பரத்தில் பட்டியல் கொடுங்கள். பல தளங்களில் இதற்கு வசதி இருக்கிறது. எத்தனை வாங்கினாலும் ஒரே தபால் செலவு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கார்டுக்காக வந்தவர் பட்டியலை மேலும் கீழும் பார்க்கத் தொடங்குவது அந்த வரியைப் படித்த பிறகுதான். இலவசத் தபால் என்று ஒற்றைக் கார்டுக்குக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொகுப்பு என்றதும் விற்காத குப்பையையெல்லாம் அதில் தள்ளிவிடாதீர்கள். ஒரே கார்டு நான்கு முறை வருகிறதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். “உள்ளே என்ன இருக்கிறது என்பது ஆச்சரியம்” என்ற வகை விற்பனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நல்லதை முன்னமே உருவி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஆசை காட்டுவது அது.

தலைப்பு எழுதும்போது ஆண்டு, நிறுவனம், செட்டின் பெயர், கார்டு எண், வீரர் பெயர், அணி என்ற ஒழுங்கை விடாதீர்கள். செட் சேர்ப்பவர்கள் எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். ஆண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதற்கும் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆட்டப் புள்ளிவிவரத்தின் கடைசி வரி 1988 என்றால், கார்டு அநேகமாக 1989 செட்டைச் சேர்ந்தது. கூடைப்பந்துக்கு 1990-91 என்பதுபோல் பருவத்தையே எழுத வேண்டும்.

இந்தத் தரம் பிரிக்கும் வேலையில், அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 செட்டில் 1ஆம் எண் கார்டு கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அது பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய அறிமுகக் காலக் கார்டு. உங்கள் காலத்துக் குவியல்களில் தனியே எடுத்துவைக்க வேண்டியவற்றில் அது முக்கியமானது.

கிரேடிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிபுணர்கள் கார்டின் நிலையை 1 முதல் 10 வரை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டுத் தருவார்கள். அதற்கான கட்டணம் உங்கள் கார்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் விலையைப்போலப் பல மடங்கு. மலிவான கார்டுக்கு 9 மதிப்பெண் கிடைத்தாலும் போட்ட பணம் திரும்பாது. கிரிஃபி போன்ற ஒன்று குறையே இல்லாத நிலையில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஆனால் கிரேடிங் செய்பவர்கள் பார்க்கும் நான்கு விஷயங்களை நீங்களும் பார்க்கப் பழகுங்கள்: மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருப்பது. கார்டைக் கையில் எடுத்து, மேசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தபோது புத்தம் புதிதாகத் தெரிந்ததில் முடிபோன்ற கீறல்கள் மின்னும். கருநிற ஓரமுள்ள கார்டுகளில் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அங்கே அச்சுப் பூச்சு உதிர்ந்து உள்ளிருக்கும் தாள் எட்டிப்பார்க்கிறது என்று பொருள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்திருந்தால் மேலும் கீழும் உள்ள கார்டுகளின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். கண்ட குறையை விளம்பரத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். குறையுள்ள கார்டையும் செட் சேர்ப்பவர் வாங்குவார். சொல்லாமல் விட்ட குறையைத்தான் அவர் மன்னிக்க மாட்டார். பழைய கார்டின் மறுபதிப்பு ஏதாவது இருந்தால், மறுபதிப்பு என்று தலைப்பிலேயே போட வேண்டும்.

படத்துக்கு ஸ்கேனர் போதும். பல கார்டுகளை ஒரே தடவையில் எடுக்கலாம். பளபளக்கும் குரோம் வகை மட்டும் ஸ்கேனரில் கறுத்துத் தெரியும். அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவால் எடுங்கள்.

விலை வைக்க, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்று முடிந்தவற்றின் விலைகளைப் பார்த்து, நடுவாக ஒன்றை வையுங்கள். அதற்கு மேல் யோசித்து நேரம் செலவிடத் தேவையில்லை.

இனி அந்தப் புகார். நீங்கள் எப்படி அனுப்பினீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாகக் கார்டை நேரே உறையில் போட்டு ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தபால் பிரிக்கும் இயந்திரத்தில் கடிதங்கள் உருளைகளுக்கிடையே வளைந்து ஓடுகின்றன. 2.5க்கு 3.5 அங்குல அட்டைத் துண்டு அங்கே தப்பிப்பது கடினம். சரியான முறை இது. கார்டை முதலில் பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில், மூலை மடங்காமல் மெதுவாக நுழையுங்கள். பிறகு அதை டாப்லோடர் எனப்படும் விறைப்பான உறைக்குள் விடுங்கள். ஸ்லீவ் இல்லாமல் நேரே டாப்லோடரில் போட்டால் மேற்பரப்பு உரசிக் கீறல் விழும். சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட் டாப்லோடர் சரியாக இருக்கும். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்சித் துணி பதித்த தடித்த கார்டுகளுக்கு இதைவிடப் பெரியது வேண்டும். டாப்லோடரின் வாயைச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் தாள் டேப்பால் ஒட்டுங்கள். சாதாரண செல்லோ டேப் பிசினை விட்டுச் செல்லும். பிரிக்கும்போது அது கார்டிலும் ஒட்டிவிடலாம். டேப்பின் ஒரு முனையைச் சற்றே மடித்துவிட்டால், வாங்கியவர் நகத்தால் சுரண்டாமல் இழுத்துப் பிரிக்கலாம். இந்தச் சின்ன மடிப்பைக் கவனித்துப் பாராட்டி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, கார்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, உறைக்குள் ஆடாதபடி ஒட்டி அனுப்புங்கள்.

வளையாத உறைக்கும் தடித்த உறைக்கும் பல தபால் துறைகள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. எனவே விலை குறிப்பதற்கு முன்பே, ஒரு மாதிரி உறையைத் தபால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிடுங்கள். கண்காணிப்பு எண் இல்லாத சாதாரணத் தபாலில் அவ்வப்போது ஒன்று காணாமல் போகத்தான் செய்யும். இழக்க மனம் ஒப்பாத எதையும் அப்படி அனுப்பாதீர்கள்.

புகார் செய்தவருக்கு இன்றே பதில் எழுதுங்கள். வாதம் வேண்டாம், படம் அனுப்பச் சொல்லி இழுத்தடிக்கவும் வேண்டாம். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கார்டு இன்னொன்று இருந்தால் அதையும் அனுப்பிவையுங்கள். மடங்கியதை அவரே வைத்துக்கொள்ளட்டும். திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைவிட அதிகம். அதே சமயம், தளத்துக்கு வெளியே பணம் அனுப்புகிறேன் என்றோ, கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள் என்றோ யாராவது எழுதினால், அந்தப் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, விற்ற தொகை, கட்டணம், தபால் செலவு என்று நான்கு பத்தி போட்டு எழுதிவாருங்கள். பொழுதுபோக்கு வருமானத்துக்கும் வரி விதிகள் இருக்கலாம். கேள்வி வரும்போது காட்டக் கணக்கு வேண்டும்.

மகனைச் சேர்த்துக்கொள்வது பற்றி: தாராளமாக. விற்பனைத் தளங்களின் கணக்கு வயதுவந்தவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதால் அது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வாங்குபவர்களுடன் கடிதப் போக்குவரத்தும் உங்களுடையதாகவே இருக்கட்டும். தரம் பிரிப்பது, எண்வரிசையில் அடுக்குவது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எழுத்து கொடுத்து எந்தக் கார்டு எந்தப் பெட்டியில் என்று பட்டியலிடுவது, இவற்றை அவனிடம் ஒப்படையுங்கள். ஆர்டர் வந்ததும் 4,000 கார்டுகளில் ஒன்றைத் துழாவுவதில்தான் உங்கள் மாலைகள் கரைகின்றன. அந்தப் பட்டியல் தயாரானால் பாதி வேலை குறைந்துவிடும். விற்கும் பணத்தில் அவனுக்கு என்ன பங்கு என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் தனக்கென்று சில கார்டுகளை எடுத்துக்கொள்ள விரும்பினால், விளம்பரம் போடுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் பணம் கட்டிய பிறகு, அந்தக் கார்டு விற்பனைக்கு இல்லை என்று சொல்லும் நிலை வரக்கூடாது.