வண்டி ஏன் ரோட்டை விட்டு இறங்கியது? வாசகர் கேள்விகள்

கே: கனகபுரா ரோட்டில் தம்பியின் கார் மரத்தில் மோதியது. பிரேக் தடம் 30 மீட்டர். என்ன வேகம்? (அல்சூர்)

காய்ந்த தார்ச்சாலைக்கு உராய்வு 0.7 என்று வையுங்கள். 254 (விடை கி.மீ. கணக்கில் வர வைக்கும் மாறாத எண்), உராய்வு 0.7, தடம் 30 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 73 கி.மீ. இது குறைந்தபட்ச வேகம்தான். மரத்தில் மோதும்போது மிச்சமிருந்த வேகம் இதில் சேரவில்லை. சாலை நனைந்திருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. நனைந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கே: தடமே இல்லை, அதனால் நான் பிரேக் போடவில்லை என்கிறார்கள். (ஸ்ரீராமபுரம்)

தவறு. ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு உள்ள வண்டியில் சக்கரம் பூட்டாது; தடம் மங்கலாக, விட்டுவிட்டுத்தான் விழும். சில சமயம் விழவே விழாது.

கே: காரின் 14 படங்கள் அனுப்பியிருக்கிறேன். யார் மேல் தப்பு? (எலக்ட்ரானிக் சிட்டி)

பதினான்கிலும் நசுங்கிய பானெட்டும் உடைந்த கண்ணாடியும்தான். சாலை ஒன்றில்கூட இல்லை! எத்தனை முறை எழுதினாலும் இதையேதான் அனுப்புகிறீர்கள். கார் எங்கும் ஓடிவிடாது, ஷெட்டில் கிடக்கும். சாலையில் உள்ளதுதான் போய்விடும். ஒரு மழை போதும். ஓர மண்ணில் பதிந்த தடத்தை, வண்டியைத் தூக்க வரும் கிரேனே மிதித்து அழித்துவிடும். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அதில் பேச்சே இல்லை. அப்புறம், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு, கார் நின்ற இடத்திலிருந்து அது வந்த வழியே திரும்பி நடங்கள். தாரில் கீறல், உழுத மண், டிவைடரில் ஒட்டிய பெயிண்ட் என்று ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து ஒரு படம், பக்கத்தில் அளவு டேப் வைத்து ஒரு படம் எடுங்கள். விளக்குக் கம்பத்திலிருந்தோ கிலோமீட்டர் கல்லிலிருந்தோ தூரம் அளந்து குறியுங்கள். 'இடப்பக்கம் டயர் தடம் காணப்பட்டது' என்று மகஜரில் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பில்) ஒரே வரியோடு முடித்த கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாத தடத்தை வைத்து எதைக் கணக்கிடுவது?

கே: வளைந்த தடம் பிரேக் போட்டதாலா? (ஜீவனஹள்ளி)

தடத்துக்குள் சாய்வான கோடுகள் தெரிந்தால், சக்கரம் சுழன்றபடியே பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. வளைவை வேகமாக எடுத்ததன் அடையாளம் அது. 20 மீட்டர் கயிற்றை வளைவின் இரு புள்ளிகளுக்கிடையே நேராகப் பிடித்து, நடுவில் தடம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து பாருங்கள். அரை மீட்டர் என்றால் ஆரம் 100 மீட்டர். காய்ந்த சாலையில் வேகம் 90-ஐத் தாண்டும். இங்கேயும் சாலையை அளந்தால்தான் பதில்.

கே: டயர் வெடித்து இறங்கியதா, இறங்கி வெடித்ததா? (ஓசூர் ரோடு)

காற்றுப்போன டயரில் ஓடியிருந்தால் பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் தேய்ந்து ரப்பர் தூள் இருக்கும். ரிம் ஓரிடத்தில் மடங்கி, அதே இடத்தில் டயர் வெட்டுப்பட்டிருந்தால் முதலில் எதிலோ மோதியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கே: ஹெட்லைட் எரிந்ததா என்று தெரியுமா? (பனசங்கரி)

இழை உள்ள பழைய வகை பல்பு என்றால் பெரும்பாலும் தெரியும். எரியும்போது பலமாக அடிபட்ட இழை நீண்டு வளைந்திருக்கும். எல்இடியில் இது நடக்காது. ஒன்று மட்டும்: 'எரிகிறதா பார்ப்போம்' என்று கண்ணாடி உடைந்த பல்பின் ஸ்விட்சைப் போடாதீர்கள். இழை காற்றில் எரிந்து சாட்சியமே போய்விடும்.