இன்டர்வியூவில் 'டென்ஷனை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்று கேட்டால்...

கேள்வி: கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவள் நான். போகிற இன்டர்வியூவில் எல்லாம் வேலை அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். 'எனக்கு டென்ஷனே வராது' என்று சொல்கிறேன். யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

பதில்: நம்பமாட்டார்கள்தான். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பவருக்கு டென்ஷன் வரும் என்று கேட்பவருக்கே தெரியும். அது வந்த பிறகு உங்கள் கையில் இருக்கும் வேலை என்ன ஆகிறது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அதனால் உங்கள் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். இப்படி:

"கணக்கு முடிக்க இரண்டு நாள் இருக்கும்போது கூட வேலை செய்பவர் திடீரென்று லீவு எடுத்தார். அவருடைய வேலையும் என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். சம்பளமும் வரித் தாக்கலும் தள்ளிப்போகக் கூடாது. உள் அறிக்கை ஒன்று இரண்டு நாள் தாமதமானால் பாதிப்பில்லை. அன்று காலையிலேயே மேனேஜரிடம் சொல்லி அதற்கு அனுமதி வாங்கினேன். மற்றவை நேரத்துக்கு முடிந்தன. அப்புறம் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை வாரா வாரம் செய்யத் தொடங்கினோம்."

இதில் எடை கூடிய வரி 'அன்று காலையிலேயே மேனேஜரிடம் சொன்னேன்' என்பது. பலர் இதை விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து தனியாளாக முடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கவலைதான் வரும். தூங்காமல் போட்ட கணக்கில் தப்பு வரும். சிக்கலைக் கடைசிவரை மறைக்கிறவரை நம்பி எந்தப் பொறுப்பும் தர முடியாது.

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையை 'ஸ்டார்' முறை என்பார்கள். மேலே உள்ளது அதுதான். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். அதில் பாதியாவது 'செயல்' பகுதிக்குப் போகட்டும். யோகா, நடைப்பயிற்சி எல்லாம் ஒரு வாக்கியம் போதும். நீங்களே வேலையைத் தள்ளிப்போட்டதால் வந்த நெருக்கடியையோ, மேனேஜரோடு போட்ட சண்டையையோ உதாரணமாக எடுக்காதீர்கள். தூக்கமின்மை, மருந்து போன்ற உடல்நல விவரங்களை அங்கே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சம்பவம் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். "மேனேஜர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?" என்று அடுத்த கேள்வி வரும். மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். வேலை அனுபவம் இல்லாதவர்கள் கல்லூரி பிராஜெக்டும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்த கதையைச் சொல்லலாம், தாராளமாக.

இன்னொன்று. அழுத்தத்தைத் தாங்குவது முழுக்க ஊழியரின் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சரியாகக் கையாளப்படாத, தீராத பணியிட அழுத்தத்தால் ஆள் முற்றிலும் சோர்ந்துபோவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலை சார்ந்த நிலையாகவே வரையறுத்தது. எனவே நீங்களும் கேளுங்கள்: "இந்த வேலையில் நெருக்கடி எப்போது அதிகம்? அப்போது குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள்?" பதில் மழுப்பலாக வந்தால், போன மாதக் கடைசியில் குழுவினர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்று பணிவாகவே கேட்டுவிடுங்கள்.