.280 ரெமிங்டன்: தோட்டாவில் குறை இல்லை, விற்பனையில்தான்

கொலராடோவில் மான் வேட்டைக்குப் .280 ரெமிங்டன் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் பழைய ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறது, ஆனால் அதன் தோட்டாப் பெட்டிகள் கடையில் தூசி படிந்து கிடக்கின்றன, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு மானுக்குப் போதும், சுடும்போது தோளில் விழும் உதையும் தாங்கக்கூடியதே. அந்தத் தோட்டா விற்காத கதை வேறு. 1957-ல் அது வந்தபோது .30-06, .270 வின்செஸ்டர் என்ற போட்டித் தோட்டாக்கள் இரண்டும் வேட்டைக்காரர்களிடம் பல்லாண்டுகளாக வேரூன்றியிருந்தன. போதாததற்கு, தன் செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) ரைஃபிளுக்கு ஒத்துவர வேண்டும் என்று ரெமிங்டன் நிறுவனம் மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தைக் குறைத்தே தோட்டாவை நிரப்பியது. .270-ஐ விட மந்தம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1979-ல் ‘7 எம்எம் எக்ஸ்பிரஸ் ரெமிங்டன்’ என்று பெயரை மாற்றினார்கள். ‘7 எம்எம் ரெமிங்டன் மேக்னம்’ ஏற்கெனவே சந்தையில் இருந்தது! குழப்பம் தாங்காமல் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

மெதுவாக விற்பதைக் கடைக்காரர் ஒன்றிரண்டு வகை மட்டுமே வாங்கி வைப்பார். தேர்வும் குறையும், விலையும் ஏறும். ராணுவத் தோட்டாவோடு பிறந்து பரவலாகப் புழங்கும் .308 வகைக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்குமுன் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ‘எக்ஸ்பிரஸ்’ என்றால் .280-தான், ‘மேக்னம்’ என்றால் முற்றிலும் வேறு தோட்டா. பிறகு இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்து, குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழும் வகையில் ஒரே லாட் எண்ணுள்ள (ஒரே தொகுதியில் தயாரான) பெட்டிகளைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வேட்டைக்குப் போகும் சிற்றூரில் அது கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள்.